12 சனிக்கிழமை: ஆண்களுக்கான கிறிஸ்தவ வழிகாட்டல் வகுப்புக்குப் போய் வந்த என்ரை ரிவியூ

முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன், இதிலை இடத்தின்ரை பேரோ நடத்தினவையின்ரை பேரோ போடேல்லை. அங்கை வாற ஆக்கள் தங்கடை வீட்டுக் கதையை நம்பிச் சொல்லுகினம், யாழ்ப்பாணம் எவ்வளவு சின்ன ஊர் எண்டு எல்லாருக்கும் தெரியும், மதிலடியிலை நிக்கிற மோட்டர்சைக்கிளைப் பாத்தே இன்னார் உள்ளுக்கை இருக்கிறார் எண்டு சொல்லுற ஊர். தேவைப்படுற ஆள் தன்ரை பங்குச் சுவாமியிட்டையோ பாஸ்டரிட்டையோ கேட்டால் கைகாட்டி விடுவினம். நான் எழுதுறது இப்பிடி ஒண்டுக்குப் போகலாமோ விடலாமோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிற ஆம்பிளையளுக்கும், அவையை அனுப்ப நினைக்கிற மனிசிமாருக்கும்.

விசயம் இதுதான். ஆம்பிளையளுக்கு மட்டும், 12 சனிக்கிழமை, பின்னேரம் 5.30க்குத் தொடங்கி 8 மணி மட்டும். ஒன்பதாவது கிழமை முடிய ஒரு இரவு தங்கல் இருக்கு. முழுக்க 2000 ரூபா, கூழ்ச் சாப்பாடு தேத்தண்ணி எல்லாம் அதுக்குள்ளை, ஏலாத ஆக்கள் துண்டு துண்டாக் குடுக்கலாம், குடுக்காட்டியும் ஒருத்தரும் கேக்கேல்லை. நடத்தினது ரெண்டு பேர், ஒருத்தர் பென்சன் எடுத்த போதகர், மற்றவர் படிச்சுப் பயிற்சி எடுத்த உளவளத்துணையாளர். இந்த ரெண்டு பேரும் சேந்து இருந்ததுதான் இந்த வகுப்பின்ரை பெரிய பலம் எண்டு நான் நினைக்கிறன், ஒருத்தர் மட்டும் நடத்தியிருந்தால் ஒண்டில் வெறும் பிரசங்கமாப் போயிருக்கும் அல்லது வெறும் கிளினிக்காப் போயிருக்கும்.

எங்கடை செட்டிலை 17 பேர் தொடங்கி 13 பேர் முடிச்சனாங்கள். கத்தோலிக்கர், தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்ட், பெந்தகோஸ்தே எண்டு கலவை, ரெண்டு பேர் சைவம். குருநகர்ப் பக்கத்துக் கடல் தொழிலாளி ஒருத்தர், றிட்டயர்ட் மாஸ்டர் ஒருத்தர், வேலை தேடுற கம்பஸ் முடிச்ச பெடியன், வெளிநாட்டாலை திரும்பி வந்த ஒருத்தர், சாவகச்சேரிப் பக்கத்திலை சைக்கிள் கடை வைச்சிருக்கிற பொய்க்கால் போட்ட அண்ணை. நான் மோட்டர் வைண்டிங் செய்யிறனான், தோட்டக்காரரின்ரை வோட்டர் பம்ப் எரிஞ்சால் என்னட்டைத்தான் வரும்.

நான் ஏன் போனனான் எண்டதையும் சொல்லத்தான் வேணும், இல்லாட்டி இந்த ரிவியூவிலை பிரயோசனம் இல்லை. எனக்கு நித்திரை இல்லை. கனகாலமா இல்லை. பின்னேரம் கடை பூட்ட ஒரு கால் போத்தல், பேந்து அது அரைப் போத்தல், வீட்டை வந்தால் சின்ன விசயத்துக்கும் எரிஞ்சு விழுகிறது, மகள் நான் வாற சத்தம் கேட்டால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளை போயிடுவாள். கோயிலுக்குப் போறனான், பலிப்பூசை தவற விடுறேல்லை, ஆனால் ஒண்டும் உள்ளுக்கை போகேல்லை. இதுக்கு முதல் ஒருக்கா வேறை ஒரு இடத்திலை சுகமளிக்கும் கூட்டம் எண்டு ஆரோ கூட்டிக்கொண்டு போனவை. அங்கை மேடையிலை நிண்டவர் என்ரை தலையிலை கை வைச்சு, டொக்டர் தந்த குளிசையை இண்டையோடை நிப்பாட்டு, குளிசை குடிச்சால் விசுவாசம் இல்லை எண்டு அர்த்தம் எண்டு சொல்லிப்போட்டார். நான் நிப்பாட்டினனான். மூண்டு கிழமைக்குப் பிறகு என்ரை மனிசி பட்ட பாட்டை இஞ்சை எழுத மாட்டன். அதாலை இந்த வகுப்புக்கும் முதல் நாள் போகேக்கை, ஏதும் அப்பிடிச் சொன்னால் எழும்பி வந்திடுறது எண்ட நினைப்போடைதான் கதவடியிலை இருந்த கதிரையிலை இருந்தனான்.

முதல் நாள் அவ்வளவு நல்லா இல்லை, உண்மையைச் சொல்லோணும். மேல் மாடி ஹோல், பொய்க்கால் அண்ணை கைபிடி இல்லாத படியிலை ஒவ்வொண்டா ஏறி வரேக்கை எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டம், தூக்கவும் ஏலாது விடவும் ஏலாது. 17 பேருக்கு மைக் தேவையே இல்லை, ஆனால் மைக் போட்டுக் கதைச்சவை, அதுவும் கூச்சல் போடுற மைக். அடுத்த கிழமையே கீழை ஒரு சின்ன அறைக்கு மாத்திப்போட்டினம், மைக்கும் போச்சு, கதிரையை வட்டமாப் போட்டாச்சு. ஒருத்தரும் எழுதிக் குடுக்கேல்லை, அவையே பாத்து மாத்தினது. அது எனக்குப் பிடிச்சது.

ரெண்டாவது கிழமை யோவான் 5, பெதஸ்தா குளத்தடியிலை 38 வருசம் படுத்துக் கிடந்த மனிசன். இந்தக் கதையை நான் ஞாயிறுப் பள்ளியிலையே கேட்டனான், எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனால் போதகர் ஐயா அற்புதத்துக்குப் போகவே இல்லை. இயேசு அவனிட்டைக் கேட்ட கேள்வியிலையே நிண்டிட்டார். நீ சொஸ்தமாக விரும்புறியோ எண்டு கேக்கிறார், அந்த மனிசன் ஓம் எண்டு சொல்லேல்லை, கவனிச்சனீங்களோ எண்டு கேட்டார். அவன் சொல்லுறது என்னைத் தூக்கி இறக்கிவிட ஆளில்லை, எனக்கு முதல் வேறை ஆக்கள் இறங்கிடுகினம் எண்டு. 38 வருசமா அவனிட்டை இருந்த பதில் அதுதான். அவ்வளவும் சொல்லிப்போட்டு ஐயா பேசாமல் இருந்திட்டார். ஒரு பத்து நிமிசம் இருக்கும், ஃபேன் சத்தமும் வெளியிலை ஓட்டோ போற சத்தமும் மட்டும்தான். அந்தப் பத்து நிமிசத்திலை நான் எனக்குள்ளை எண்ணிப் பாத்தன், யுத்தம், இடம்பெயர்வு, காசு, தம்பி வெளிநாட்டிலையிருந்து அனுப்பாதது, மனிசி விளங்கிக்கொள்ளாதது, எல்லாம் உண்மைதான், எல்லாம் நடந்ததுதான், ஆனால் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லேல்லை.

இப்ப குறை ஒண்டு, பெரிய குறை. முதல் மூண்டு கிழமையும் ஒரு பயிற்சிப் புத்தகம் தந்தவை, அமெரிக்காவிலை ஆண்களுக்கெண்டு எழுதினதை ஆரோ தமிழாக்கினது. ஆம்பிளை எண்டால் போர்வீரன், காட்டுக்குப் போய் மான் சுடு, மகனோடை மலையேறு, அப்பத்தான் உன்ரை ஆண்மை திரும்பி வரும் எண்ட மாதிரிக் கிடக்கு. தமிழும் விளங்கேல்லை, ஒரு வசனத்தை மூண்டு தரம் வாசிக்கோணும். எல்லாத்தையும் விட, துவக்கு, போர், எதிரி எண்ட சொல்லுகளை எங்களுக்கு முன்னாலை இப்பிடி லேசா வைக்கக்கூடாது. அந்த அறையிலை இருந்த 17 பேரிலை ஷெல் சத்தம் கேளாமல் வளந்த ஆள் அந்தக் கம்பஸ் பெடியன் மட்டும்தான். மாஸ்டர் ஐயாதான் கடைசியாக் கையை உயத்தினவர். போதகரைப் பாத்து, போரை நாங்கள் பாத்திட்டம் ஐயா, ஆண்மைக்கு அதை உதாரணமாச் சொல்லுறதை எங்களாலை கேக்க ஏலாது எண்டு மெதுவாச் சொன்னார். போதகர் ஐயா புத்தகத்தை மூடி மேசைக்குக் கீழை வைச்சார். நாலாவது கிழமையிலையிருந்து வேதப் புத்தகமும் ஒரு கொப்பியும் மட்டும்தான். அது சரி, ஆனால் அடுத்த செட்டுக்கும் அதே புத்தகத்தைத்தான் குடுக்கப்போறாங்கள் எண்டு கேள்விப்பட்டன், அச்சடிச்ச கட்டு முடியேல்லையாம். தயவு செய்து நிப்பாட்டுங்கோ. இந்த மண்ணிலை 1816இலையே அமெரிக்க மிசன் வந்து, பாடசாலை, அச்சகம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டின ஊரிலை, எங்களுக்கெண்டு எங்கடை தமிழிலை ஒரு 40 பக்கம் எழுத ஆளில்லையோ? மாஸ்டர் ஐயாவிட்டைக் குடுத்தாலே ஒரு மாதத்திலை எழுதித் தருவார்.

குளிசை விசயத்துக்கு வாறன். நான் பயந்து கொண்டிருந்தது இதுக்குத்தான். அஞ்சாவது கிழமை எலியா, 1 இராஜாக்கள் 19. பெரிய தீர்க்கதரிசி, வானத்திலையிருந்து அக்கினி இறக்கின மனிசன், ஒரு நாள் பயணம் வனாந்தரத்துக்குள்ளை போய் ஒரு சூரைச்செடிக்குக் கீழை இருந்து என்னைச் சாகவிடும் ஆண்டவரே எண்டு கேக்கிறான். அதுக்குக் கடவுள் என்ன செய்தவர்? பேசினவரோ? விசுவாசம் காணாது எண்டு சொன்னவரோ? இல்லை, நித்திரை கொள்ள விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலிலை சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான், அவன் திண்டு குடிச்சிட்டுத் திரும்பவும் படுத்தான், திரும்பவும் எழுப்பிச் சாப்பாடு. ரெண்டு தரம் நித்திரை ரெண்டு தரம் சாப்பாடு குடுத்த பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணம், அங்கை போன பிறகுதான் கேள்வி. உளவளத்துணையாளர் இதிலை புகுந்து கதைச்சார், நித்திரை இல்லாமை, பசியில்லாமை, காரணம் இல்லாத கோவம், சாகோணும் எண்ட யோசினை, இதெல்லாம் வருத்தத்தின்ரை குறி, பாவத்தின்ரை குறியாத்தான் இருக்கோணும் எண்டு இல்லை, பிறசர் குளிசை குடிக்கிறதை ஒருத்தரும் அவிசுவாசம் எண்டு சொல்லுறேல்லை எண்டு. ஆசுப்பத்திரி மனநல கிளினிக்குக்கு எப்பிடிப் போறது, துண்டு என்னெண்டு எடுக்கிறது, எல்லாம் சொல்லித் தந்தார். சாந்திகம் எண்ட யாழ்ப்பாணத்து உளவளத்துணை நிலையத்திலை கதைக்கலாம், 1926 எண்ட மனநல உதவி நம்பருக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலையும் கதைப்பினம் எண்டு போர்டிலை எழுதிப் போட்டார். போதகர் ஐயா மானிப்பாய்க் கதை சொன்னார், 1847இலை வந்த டொக்டர் கிறீன் மிசனறியாத்தான் வந்தவர், ஆனால் வந்து செய்தது இஞ்சத்தைப் பெடியளுக்கு வைத்தியம் படிப்பிச்சது, பேந்து மருத்துவப் புத்தகங்களைத் தமிழிலையே ஆக்கினது. எங்கடை ஊருக்குச் சுவிசேசமும் மருந்துப் பெட்டியும் ஒரே கப்பலிலை வந்தது, ஒண்டை வைச்சு மற்றதை எறியச் சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லை எண்டு சொன்னார். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. திங்கக்கிழமை விடிய கிளினிக்குக்குப் போனன். இப்ப குளிசை ஒழுங்கா எடுக்கிறன், நித்திரை அஞ்சு மணித்தியாலம் வருது.

இரகசியம் காக்கிறது பற்றிக் கட்டாயம் சொல்லோணும், யாழ்ப்பாணத்து ஆம்பிளை வாய் திறக்காததுக்கு வெக்கத்துக்கு அடுத்த காரணம் அதுதான். விதி சுருக்கம், அறைக்குள்ளை கேட்டது அறைக்குள்ளை, மனிசிக்கும் சொல்லக்கூடாது, ஆராவது உயிருக்கு ஆபத்து எண்டால் மட்டும் சொல்லுவம் எண்டு முதலே சொல்லிப்போட்டினம். அப்பிடி இருந்தும் ஆறாவது கிழமை ஒருத்தரின்ரை கடன் கதை வெளியிலை போயிட்டுது. வாட்ஸ்அப் குரூப்பிலை ஜெப விண்ணப்பம் எண்டு போட்டு, அதை ஒராள் வேறை குரூப்புக்கு அனுப்பி. ஜெபம் எண்ட பேரிலை கதை காவுறது எங்கடை சபையளிலை பெரிய வருத்தம், இதை நான் கோவத்தோடைதான் எழுதுறன். நடத்தினவை மூடி மறைக்கேல்லை, அடுத்த சனி எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேட்டவை, குரூப்பை அழிச்சவை, அனுப்பின ஆளும் வந்து அவரிட்டை நேரை சொன்னவர். ஆனாலும் கடன்பட்ட அண்ணை பேந்து வரேல்லை. 13 பேர் எண்டு குறைஞ்சதிலை அவரும் ஒராள். அவருக்கு வீட்டை ரெண்டு தரம் போய்ப் பாத்தவை எண்டு தெரியும், ஆனால் குரூப்பை முதல் நாளிலையே போடாமல் விட்டிருக்கலாம்.

ஏழாவது கிழமை வீட்டிலை கை நீட்டுறதைப் பற்றி. இதிலை ஒரு வழுவழுப்பும் இல்லை. தலைமைத்துவம், மனைவி கீழ்ப்படியோணும் எண்டு ஒரு அண்ணை எபேசியர் 5 எடுத்தார், போதகர் ஐயா அடுத்த வசனங்களையும் வாசியுங்கோ எண்டார், கிறிஸ்து சபைக்காகத் தன்னையே குடுத்த மாதிரிப் புருசன் மனைவியில் அன்பு கூரோணும் எண்டு வாசிச்ச உடனை, குடுத்தவர் அடிச்சவரோ எண்டு ஒரே ஒரு கேள்விதான். பேந்து உளவளத்துணையாளர் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைச் சொன்னார், நீதவான் நீதிமன்றத்திலை ஒரு வருசம் மட்டும் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், உங்கடை மனிசி அதுக்குப் போனால் அது உங்களுக்கு எதிரான பாவம் இல்லை, நீங்கள் மனந்திரும்பினது உண்மை எண்டால் அதைத் தடுக்கமாட்டியள் எண்டு. அண்டைக்கு ரெண்டு பேர் இடையிலை எழும்பிப் போட்டினம். ஒராள் அடுத்த கிழமை திரும்பி வந்தார். நான் கை நீட்டினது இல்லை எண்டு எனக்குள்ளை ஒரு நிம்மதி வந்தது, உடனை மகள் அறைக்குள்ளை ஓடுற சத்தம் ஞாபகம் வந்தது, அந்த நிம்மதி போட்டுது.

இனி அந்த இரவு தங்கல். காரைநகர்ப் பக்கம், பொன்னாலைப் பாலம் தாண்டிப் போய், கடலுக்குக் கிட்ட ஒரு வளவு. வெள்ளி பின்னேரம் போய்ச் சனி மத்தியானம் திரும்பிறது. இரவு ஒடியல் கூழ், பிலா இலையிலை குடிச்சம், அது நல்ல கூழ், நண்டு போட்டது. விடிய வெள்ளன 4.30க்கு எழுப்பிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனவை. இருட்டு. சிரட்டைக்கரியிலை தணல் போட்டு, குருநகர் அண்ணை விளைமீனும் பாரையும் சுட்டுக்கொண்டு நிண்டார், பக்கத்திலை பாண். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, தணலைச் சுத்திக் குந்தினம். போதகர் ஐயா யோவான் 21 வாசிச்சார், ராத்திரி முழுக்க ஒரு மீனும் படாமல் கரைக்கு வந்த சீசரும், கரையிலை கரிநெருப்பும் மீனும் வைச்சுக்கொண்டு நிண்ட இயேசுவும். 153 மீன் எண்டு வந்த இடத்திலை ஏன் எண்ணினவை எண்டு பெடியன் கேட்டான், பங்கு பிரிக்கிறதெண்டால் எண்ணத்தானே வேணும் தம்பி எண்டார் குருநகர் அண்ணை. எத்தினையோ பிரசங்கத்திலை அந்த 153க்கு என்னென்னவோ அர்த்தம் கேட்டிருக்கிறன், தொழில் செய்யிற மனிசன் சொன்னதுதான் மனதிலை நிண்டது.

பேந்து ஐயா சொன்னார், புதிய ஏற்பாட்டிலை கரிநெருப்பு எண்ட சொல்லு ரெண்டே ரெண்டு இடத்திலைதான் வருது. ஒண்டு இது. மற்றது யோவான் 18, பிரதான ஆசாரியன்ரை முற்றத்திலை, குளிருக்குப் பேதுரு நெருப்புக் காய்ஞ்சுகொண்டு நிண்டு, நான் அவரின்ரை சீசன் இல்லை எண்டு சொன்ன இடம். அதே மணம். இயேசு பேதுருவை அந்த மணத்துக்குள்ளையே திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், குற்றம் சாட்ட இல்லை, சாப்பாடு குடுக்க. முதல் வா சாப்பிடு எண்டார், அதுக்குப் பிறகுதான் என்னை நேசிக்கிறியோ எண்டு மூண்டு தரம் கேட்டார் எண்டு.

எனக்கு அதிலைதான் உடைஞ்சது. 1995 ஒக்ரோபர் 30 எனக்கு 16 வயசு. கோண்டாவில். யுத்தத்தாலை ஊர் முழுக்க வெளிக்கிடச் சொல்லி அறிவிச்சு, மழை, சைக்கிள் ஒண்டுதான், கரியரிலை தங்கச்சியும் அரிசிச் சாக்கும். ஆச்சிக்கு நடக்க ஏலாது. நான் சொன்னன், ஆச்சி நீங்கள் படுங்கோ, விடிய நான் சைக்கிளைக் கொண்டு வந்து உங்களை ஏத்திறன் எண்டு. விறாந்தையிலை தணல் சட்டியோடை இருந்தா, குளிர் எண்டு. நாவற்குழிப் பாலத்திலை அடி வைக்க இடமில்லாமல் சனம், போன பக்கம்தான் போகலாம், திரும்ப ஏலாது. சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்திலை தெரிஞ்ச ஆக்கள் ஆச்சி எங்கை எண்டு கேக்க, பெரியம்மாவோடை வாறா எண்டு சொன்னனான். எத்தினை பேருக்குச் சொன்னன் எண்டு கணக்குத் தெரியாது. 96 சித்திரைக்குப் பிறகு திரும்பி வரேக்கை ஆச்சி இல்லை, ஆரோ வளவுக்குள்ளையே பிலா மரத்தடியிலை தாட்டிருந்தினம். அம்மாவோ அப்பாவோ ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டேல்லை. அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவே இல்லை, நானும் மனிசிக்குக்கூடச் சொல்லேல்லை.

அந்தக் கடற்கரையிலை அதைச் சொன்னன். அழுதன், 46 வயசிலை, மற்ற ஆம்பிளையளுக்கு முன்னாலை. ஒருத்தரும் பறவாயில்லை எண்டு சொல்லேல்லை, கடவுள் சித்தம் எண்டும் சொல்லேல்லை, அதுக்கு நான் அவையளுக்கு நன்றி சொல்லோணும். குருநகர் அண்ணை ஒரு துண்டு விளைமீனை முள்ளெடுத்து பாணுக்கு மேலை வைச்சு என்ரை கையிலை தந்தார், அவ்வளவுதான். பொய்க்கால் அண்ணை என்ரை தோளிலை கை வைச்சுக்கொண்டு விடியும் மட்டும் எடுக்கவே இல்லை. யாக்கோபு 5:16இலை சொஸ்தமடையும்படிக்கு உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கோ எண்டு கிடக்கு, நான் கத்தோலிக்கன், பாவசங்கீர்த்தனம் சின்னனிலையிருந்து செய்யிறனான், இதைச் சுவாமியிட்டைக்கூட ஒரு நாளும் சொல்லேல்லை, ஏனெண்டா இதைப் பாவம் எண்டு நான் சொன்னால் அவர் இல்லை எண்டுவார், இல்லை எண்டு சொன்னால் எனக்குப் போதாது. அண்டைக்குத்தான் அது வெளியிலை வந்தது. அடுத்த ஞாயிறு மகளையும் மனிசியையும் கோண்டாவில் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிலா மரத்தடியைக் காட்டினன், ஆச்சியின்ரை பேர் என்ன எண்டு மகள் கேட்டாள்.

கடைசி மூண்டு கிழமை வாழ்க்கை நோக்கம். இது பலவீனமான பகுதி. சுகமாக்கிறதுக்கு ஒன்பது கிழமை எடுத்துப்போட்டு நோக்கத்தை அவசரமா முடிச்சுப்போட்டினம். ஒரு தாள் தந்து உங்கடை வாழ்க்கையின்ரை நோக்கத்தை ஒரு வசனத்திலை எழுதுங்கோ எண்டால் என்ன எழுதுறது? கம்பஸ் பெடியன் வெறும் தாளைத் திருப்பிக் குடுத்தான், அண்ணை எனக்கு முதல் வேலை கிடைக்கட்டும் எண்டான், 2022 நெருக்கடிக்குள்ளை படிச்சு முடிச்ச பெடியன், அவனிட்டைப் போய் அழைப்பு, தரிசனம் எண்டு பெரிய சொல்லுச் சொன்னால் நோகும். பதினொராவது கிழமை கொஞ்சம் சரிப்படுத்தினவை, மோசே எண்பது வயசிலைதான் பார்வோனுக்கு முன்னாலை போய் நிண்டவர், அதுக்கு முதல் 40 வருசம் மீதியானிலை மாமன்ரை ஆடு மேய்ச்சவர், கடவுள் அவரிட்டைக் கேட்டது உன்ரை கையிலை என்ன இருக்கு எண்டு, இருந்தது மேய்க்கிற கோல். அதோடை எல்லாரும் தங்கடை கையிலை இருக்கிறதைச் சொல்லத் தொடங்கினம். பொய்க்கால் அண்ணை, என்னட்டை ஸ்பனர் இருக்கு, பள்ளிக்கூடம் விட்ட ரெண்டு பெடியளை எடுத்துப் பழக்கலாம் எண்டார், இப்ப ஒருத்தன் நிக்கிறான் அவரிட்டை. நானும் என்ரை கடையிலை வைண்டிங் பழக அந்தக் கம்பஸ் பெடியனைக் கேட்டன், வேலை கிடைக்கு மட்டும் வாறன் எண்டிட்டு வாறான், நல்ல கை அவனுக்கு, கம்பி சுத்தேக்கை ஒரு சுத்துப் பிழைக்க விடமாட்டான். இது நடந்தது பதினொராவது கிழமையிலை. இதை ஒன்பதாவதிலையே தொடங்கியிருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

சைவ ஆக்கள் போகலாமோ எண்டு சிலர் கேக்கினம். எங்களோடை இருந்த ரெண்டு பேரையும் ஞானஸ்நானம் எடு எண்டு ஒருத்தரும் நெருக்கேல்லை. நல்லூர்த் திருவிழாவுக்குள்ளை ரெண்டு சனி றோட்டு மூடி, ஒராளுக்குத் தூக்குக் காவடி நேத்தியும் இருந்தது, அந்த ரெண்டு கிழமையும் நேரத்தை மாத்தி ஞாயிறு வைச்சவை. ஆனால் ஜெபமும் வசனமும் ஒவ்வொரு கிழமையும் இருக்கும், அதைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ, இது கிறிஸ்தவ வகுப்புத்தான், அதை அவை ஒளிக்கவும் இல்லை.

இன்னொரு குறை, மனிசிமாரைக் கடைசி நாள் மட்டும்தான் கூப்பிட்டவை, அதுவும் சாப்பாட்டுக்கு. 12 கிழமை இந்த மனிசனுக்கு என்ன நடக்குது எண்டு தெரியாமல் வீட்டிலை இருந்தவை, அவையிட்டை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், மாற்றம் உண்மையோ எண்டு அவையளுக்குத்தான் தெரியும். என்ரை மனிசி சொன்னது, நீங்கள் இப்ப கேட்டுப்போட்டுக் கதைக்கிறியள், முதல் கதைச்சுப்போட்டுத்தான் கேப்பியள் எண்டு. குடி முழுக்க விடேல்லை, பொய் சொல்ல மாட்டன், மாதத்திலை ஒருக்கா ரெண்டு தரம் சறுக்குது. அதுக்கு 12 கிழமைக்குப் பிறகு தொடர்ச்சி எண்டு ஒண்டும் இல்லை, அதுவும் குறைதான். நாங்கள் அஞ்சு பேர் எங்கடை பாட்டிலை செவ்வாய் இரவு என்ரை கடையிலை கூடுறம், ஷட்டரைப் பாதி இறக்கிப்போட்டு, இஞ்சித் தேத்தண்ணியோடை.

அஞ்சுக்கு நாலு குடுப்பன். அந்தத் தமிழாக்கப் புத்தகத்தை எறிஞ்சு, நோக்கம் பகுதியைக் கூட்டி, முடிஞ்ச பிறகும் மாதத்துக்கு ஒருக்காக் கூடினால் அஞ்சு. குடியை முழுக்க நிப்பாட்ட வைத்தியம் தேவைப்படுற ஆள், சாகிற யோசினை இருக்கிற ஆள் முதல் டொக்டரிட்டைப் போங்கோ, இது அதுக்குப் பதில் இல்லை, அவையே உங்களுக்கு அதைத்தான் சொல்லுவினம்.

அடுத்த செட் தவக்காலம் முடிஞ்ச பிறகு தொடங்குது எண்டு சொன்னவை. மோட்டர்சைக்கிளை மதிலுக்கு உள்ளுக்கை விடலாம், பஸ்ஸிலை வாற ஆக்கள் 8 மணிக்குப் பிறகு பஸ் பாத்து வெளிக்கிடோணும், இல்லாட்டி முதலே சொன்னால் ஆராவது ஏத்தி இறக்குவினம், நானும் திருநெல்வேலிப் பக்கம் ஏத்திக்கொண்டு போறனான். கீழ் அறையிலை நுளம்பு சரியான மோசம், நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு போங்கோ. கொப்பி அவையே தருவினம்.